பத்து இடம்

கண்ணை மூடுங்கள் காகா என்றார் சிஸ்டர் ப்ராஜக்தா.
தூண்டில் நரம்பு மாதிரி ஒரு நைலான் இழை.
நுனி வளையும்வரை
என் உள்ளங்காலில் பத்து இடத்தில் அழுத்துவாராம்.
"லாக்தே கா?"
மராத்தியில் அதற்குப் படுகிறதா என்றும் பொருள்,
வலிக்கிறதா என்றும் பொருள்.
இரண்டுக்கும் சேர்த்தே ஹோ என்றேன்.

பெருவிரல், ஹோ.
சுண்டுவிரலுக்குக் கீழே, ஹோ.
குதிகால், ஹோ ஹோ.
இருபத்தாறு வருடம் பஸ்ஸில் டிக்கெட் கிழித்தவன்.
பின்படியில் எத்தனை கால் ஏறியது என்று
திரும்பாமலே சொல்வேன்.
இதற்கா திணறுவேன்?

"கடைசி நாலு தடவை
கேட்டேனே தவிர
நான் தொடவே இல்லை காகா."

மரத்துப்போச்சு என்று
எத்தனை சுலபமாகச் சொல்கிறோம்.
மரம் ஆகிவிட்டது என்று காதில் விழுவதில்லை.
ஷூவுக்குள் நிற்கிற மரம்.

அந்த ஷூவைக் கவிழ்த்ததும் விழுந்தது
ஒரு போர்டு ஆணி.
டெப்போவில் லீவு பட்டியலைப்
பிடித்துக்கொண்டிருந்ததாக இருக்கும்.
திங்கட்கிழமையிலிருந்து
என்னைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.
இன்று வியாழன்.

பக்கத்தில் இருந்த பழைய கால் ஆணியை என்ன செய்தீர்கள்?
முதலில் மருந்துக்கடை பிளாஸ்டர்.
பிறகு சேவிங் பிளேடு.
அவர் திட்டவில்லை.
"பன்னிரண்டாம் படுக்கைக்காரரும் பிளேடுதான்" என்றார்.
போகும்போது பார்த்தேன்.
போர்வைக்கு வெளியே இடது காலில்
நாலு விரல்.

சயானிலிருந்து வீடு வரை
மழை, சாக்கடை, மறுபடி மழை.
எங்கள் தெரு தொண்ணூறடி ரோட்டில் பிரிகிறது.
அடி என்றால் அளவு, அடி என்றால் பாதம்,
அடி என்றால் வாங்குவது.
மூன்றும் அங்கே தாராளம்.

எப்சிபா வெந்நீர் வைத்தாள்.
சூடு பார்க்க என் காலை நம்பக்கூடாது,
அது பொய் சொல்லும்.
தன் முழங்கையை விட்டுப் பார்த்தாள்,
கைக்குழந்தையைக் குளிப்பாட்டுகிறவர்கள் பார்ப்பதுபோல்.
எங்களுக்கு அது வாய்க்கவில்லை.
இருவரும் கொஞ்ச நேரம் தண்ணீரைப் பார்த்தோம்.

ஊற வைக்காதே, கழுவு, உடனே துடை.
பத்து விரலுக்கு எட்டு இடுக்கு,
கண்டக்டர் கணக்கு தப்பாது.
ஈரம் தங்கினால் சேற்றுப்புண்.
பித்தவெடிப்புக்குக் களிம்பு உண்டு,
இடுக்கில் மட்டும் வேண்டாம்.
நகத்தை நேராக வெட்டு,
ஓரத்தை வளைத்து அழகு பார்க்காதே.

செருப்பில்தான் சண்டை.
வீட்டுக்குள் போட்டே ஆகணும் என்கிறது சீட்டு.
ஜெபம் பண்ணுகிற இடத்திலா என்கிறாள் அவள்.
இருப்பதே பத்துக்குப் பத்து அறை,
ஜெபம் பண்ணாத இடம் எது?
கடைசியில் வாசலைத் தாண்டாத ஒரு ஜோடி என்று முடிவானது.
கால் வீங்கியிருக்கும் நேரத்தில்தான் அளவு பார்க்கணுமாம்.
சாயங்காலம் போனோம்.
எப்போதும் எட்டு வாங்குகிறவன்,
ஒன்பது கேட்டது கால்.

ராத்திரி தரையில் கைக்கண்ணாடியை வைத்து
பாதத்தைக் காட்டுகிறேன்.
பார்த்ததே இல்லை இதை.
வெடிப்பில் இன்னும் டெப்போ கரி,
ஆணி நுழைந்த இடத்தில் கட்டு,
நடுவில் மட்டும் யாரும் மிதிக்காத
ஒரு வெளுத்த பள்ளம்.
பக்கத்து வீட்டு ஆர்யன் எட்டிப் பார்த்து
மாமா காலுக்கு மேக்கப் போடுறார் என்று கத்துகிறான்.
கத்தட்டும்.

ஆறு வாரம் கழித்து மறுபடி அதே நாற்காலி.
புண் மூடியிருந்தது.
கண்ணை மூடினேன்.
லாக்தே கா?
பேசாமல் இருந்தேன்.
லாக்தே கா?
பேசாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் தெரியுமா
வாயால் பிழைத்தவனுக்கு.
ஆறாவதோ ஏழாவதோ, எறும்பு மாதிரி ஏதோ.
ஹோ என்றேன்.
"நிஜமாகவா காகா?"
தெரியவில்லை என்றேன்.
அதையும் எழுதிக்கொண்டார்.